கணினி ஏன் பேசவில்லை? லினக்ஸ் ஒலியின் முப்பது ஆண்டுக் கதை

"லினக்ஸில் சத்தம் வரவில்லை, என்ன செய்வது?"

இந்தக் கேள்விக்கு வயது முப்பதுக்கு மேல் ஆகிறது. 1995இல் கேட்டிருந்தால், "உங்க கார்டோட ஐஆர்கியூ எண் என்ன?" என்று திருப்பிக் கேட்டிருப்பார்கள். 2003இல் கேட்டிருந்தால், "ஆல்சாமிக்சரைத் திறந்து மியூட்டை எடு" என்றிருப்பார்கள். 2008இல், "பல்ஸ்ஆடியோவைத் தூக்கு, எல்லாம் சரியாகும்." இன்று கேட்டால், "பைப்வயரை ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு." நான்கும் அந்தந்தக் காலத்தில் சொல்லத்தக்க பதில்கள்தான். சிக்கல் என்னவென்றால், இன்று இணையத்தில் தேடுகிறவருக்கு நான்கும் ஒரே பக்கத்தில், தேதி போடாத கடிதங்கள் மாதிரி வந்து விழுகின்றன. எதை முதலில் பிரிப்பது என்று தெரியாமல், பாவம், நான்கையும் செய்து பார்க்கிறார். முதலில் ஒரு சிக்கல் இருந்த இடத்தில் இப்போது மூன்று.

அபிராமபுரத்தில் நான் இருக்கும் தெருவில் லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ஐந்தாறு பேர் தேறுவார்கள். பழைய லேப்டாப்பில் விண்டோஸ் நகராமல் போனபோது மாறியவர்களே அதிகம். அவர்களுடைய "சத்தம் வரலை"களைப் பல வருடமாக ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். அந்த நோட்டைப் புரட்டியபோது ஒன்று பிடிபட்டது. இந்தக் கோளாறு ஒரே கோளாறு இல்லை. ஒவ்வொரு காலத்திலும் ஒரு தேவைக்காக ஓர் அடுக்கு கட்டினார்கள். பழைய அடுக்கை இடிக்காமல் அதன் மேலேயே புதியதைக் கட்டினார்கள். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு மியூட் பொத்தான் இருக்கிறது. அதனால் சத்தம் ஏன் வரவில்லை என்று தேடுவது கிட்டத்தட்ட அகழாய்வு வேலை. எந்த அடுக்கு எப்போது வந்தது, எதற்காக வந்தது என்று தெரிந்தால் எங்கே தோண்டுவது என்பதும் தெரிந்துவிடும். அந்தக் கதைதான் இது. கதையின் நடுவில், சத்தம் போனால் யாருக்கு என்ன போகிறது என்ற கேள்வியும் வரும்.

எண்களின் காலம்

லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டது 1991. அப்போது வீட்டுக் கணினிக்குச் சத்தம் என்றால் சிங்கப்பூர் கிரியேட்டிவ் நிறுவனத்தின் சவுண்ட் பிளாஸ்டர் கார்டு. 1989இல் வந்த அந்தக் கார்டைத்தான் மற்றவர்கள் எல்லோரும் பின்பற்றினார்கள். 1992 வாக்கில் பின்லாந்தின் ஹன்னு சாவோலைனென் அதற்கு லினக்ஸ் டிரைவர் எழுதினார். அதுதான் வளர்ந்து ஓஎஸ்எஸ், அதாவது ஓப்பன் சவுண்ட் சிஸ்டம் ஆயிற்று.

அந்தக் கார்டுகள் தம்மைத் தாமே அறிமுகம் செய்துகொள்ளாது. நாம்தான் சொல்ல வேண்டும்: முகவரி 220, ஐஆர்கியூ 5, டிஎம்ஏ 1. கார்டில் உள்ள சின்ன ஜம்பர் ஊசிகளை நகர்த்தி அந்த எண்ணை மாற்றலாம். பிரிண்டர் போர்ட்டோ வேறு கார்டோ அதே எண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தால் சத்தம் வராது, அல்லது ஒரே துண்டு ஒலி கீறல் விழுந்த இசைத்தட்டு மாதிரி திரும்பத் திரும்ப வரும். அன்றைக்குச் சத்தம் வரவைப்பது என்பது மூன்று எண்களைச் சரியாகச் சொல்வதுதான்.

1990களின் பிற்பாதியில் நம் ஊரில் லினக்ஸ் வந்தது இணையம் வழியாக இல்லை, பத்திரிகையோடு வந்த சிடி வழியாக. பிசி குவெஸ்ட் இதழ் அப்படிக் கொடுத்த சிடிகளைப் பலர் இன்னும் நினைவு வைத்திருப்பார்கள். அக்காலத்து ரெட் ஹேட்டில் 'சவுண்ட்கான்ஃபிக்' என்று ஒரு கருவி இருந்தது. கார்டைத் தேடி எண்களைப் போட்டுவிட்டு, சோதனைக்கு ஓர் ஒலித்துண்டை ஓட்டும். அது லினஸ் தன் குரலில் லினக்ஸ் என்ற பெயரை எப்படி உச்சரிக்கிறார் என்று சொல்லும் பதிவு. அந்தக் குரல் கேட்டுவிட்டால் வேலை முடிந்தது. கணினியே பேசி, "இப்போ கேக்குதா?" என்று சோதிக்கும் இந்த ஏற்பாட்டை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்ப வர வேண்டியிருக்கும்.

ஒரு குழாய், ஒரு குடம்

ஓஎஸ்எஸ்ஸில் சவுண்ட் கார்டு ஒரு கோப்பு மாதிரி தெரியும். 'டெவ்' என்ற அடைவுக்குள் 'டிஎஸ்பி' என்று ஒரு பெயர். அதில் எழுதினால் சத்தம், அதிலிருந்து படித்தால் ஒலிப்பதிவு. யுனிக்ஸ் மரபுக்கு அழகாகப் பொருந்திய யோசனை. ஆனால் பெரும்பாலான கார்டுகளில் ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் அதைத் திறக்க முடியும். தெருக் குழாயடியில் முதல் குடம் வைத்தவர் எடுக்கும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டியதுதான். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் மின்னஞ்சல் வந்த மணி அடிக்காது. 'டிவைஸ் பிஸி' என்று ஒரு வரி வரும்.

இதைச் சமாளிக்க நடுவில் ஓர் ஆளைப் போட்டார்கள். ஜினோம் பக்கம் ஈசவுண்ட், கேடிஇ பக்கம் ஆர்ட்ஸ். எல்லா நிரலும் அந்த ஆளிடம் கொடுக்கும், அவர் கலந்து கார்டுக்குக் கொடுப்பார். இங்கேதான் இரண்டாவது அடுக்கு பிறந்தது, கூடவே இரண்டாவது வகைக் கோளாறும். நடு ஆளிடம் போகாமல் நேரே கார்டைத் திறக்கும் நிரல் ஒன்று வந்தால், இருவரில் ஒருவருக்குத்தான் சத்தம். 'பிஸி' என்ற அந்தச் செய்தியை இன்றும் பார்க்கலாம். கார்டு செத்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை, யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

மௌனமே பத்திரம்

செக் நாட்டின் யாரோஸ்லாவ் கைசெலா, தன் கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் கார்டின் திறமை முழுவதையும் ஓஎஸ்எஸ் பயன்படுத்தவில்லை என்று புதிதாக எழுதத் தொடங்கியதுதான் ஆல்சா. 1998இல் அது தனித் திட்டமாக உருப்பெற்றது. 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலில் லினக்ஸின் அதிகாரப்பூர்வ ஒலி அமைப்பு ஆயிற்று. இன்றைக்கும் அடித்தளத்தில் இருப்பது ஆல்சாதான். மேலே யார் வந்தாலும் கடைசியில் கார்டோடு பேசுவது அதுவே.

ஆல்சா ஒரு முடிவு எடுத்தது. டிரைவர் ஏறியதும் எல்லாச் சானல்களும் மியூட்டில் இருக்கும், பயனரே திறந்துகொள்ள வேண்டும். காரணம் நியாயமானது. எந்தக் கார்டில் எந்தக் குமிழ் எவ்வளவு சத்தம் தரும் என்று நிரலுக்குத் தெரியாது. முழு வால்யூமில் திறந்துவிட்டால் ஹெட்போன் மாட்டியவர் காது என்னாவது? மைக்கும் ஸ்பீக்கரும் ஒருசேரத் திறந்தால் ஊளையிடும். சபாவில் மைக்காரர் கச்சேரிக்கு முன்னால் எல்லாக் குமிழையும் கீழே இறக்கி வைத்துவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றுவது இதே காரணத்துக்காகத்தான்.

சபாவில் ஏற்றுவதற்கு ஒரு மைக்காரர் உட்கார்ந்திருக்கிறார். வீட்டில்? புதிதாக லினக்ஸ் போட்டவர், டிரைவர் ஏறியிருக்கிறது, பிழைச் செய்தி ஒன்றும் இல்லை, பாட்டு ஓடுவதாகத் திரையில் கோடு நகர்கிறது, சத்தம் மட்டும் இல்லை என்று திகைத்துப்போவார். டெர்மினலில் ஆல்சாமிக்சர் என்று அடித்தால் வரிசையாகக் கம்பங்கள் வரும். கம்பத்தின் அடியில் 'எம்எம்' என்று இருந்தால் மியூட், சுழியம் சுழியம் என்று இருந்தால் திறந்திருக்கிறது. 'எம்' எழுத்தைத் தட்டினால் மாறும். மெஷினில் இரண்டு கார்டு இருந்தால் எஃப்6 தட்டிச் சரியான கார்டுக்குப் போக வேண்டும். பின்னாளில் விநியோகங்கள் தாமே நடுத்தர அளவில் திறந்துவைக்கத் தொடங்கின, கடைசி நிலையைச் சேமித்து அடுத்த முறை மீட்டெடுக்கும் வசதியும் வந்தது. ஆனால் சேமித்த நிலையே மியூட்டாக இருந்தால் மியூட்தான் மீண்டும் வரும்.

அடியில் ஒரு வயரிங் வரைபடம்

2004இல் இன்டெல் 'ஹை டெஃபினிஷன் ஆடியோ' என்ற தரத்தைக் கொண்டுவந்தது. சவுண்ட் கார்டு தனிக் கார்டாக இல்லாமல் மதர்போர்டிலேயே சின்னச் சில்லாகக் குடியேறிய காலம் அது. தரம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் சில்லின் எந்தக் கால் ஸ்பீக்கருக்குப் போகிறது, எது ஹெட்போனுக்கு என்பதை லேப்டாப் தயாரிப்பவர் தம் இஷ்டத்துக்கு வயரிங் செய்துகொள்ளலாம். அந்த விவரத்தை அவர் பயாஸில் எழுதிவைக்க வேண்டும். பலர் சரியாக எழுதவில்லை. விண்டோஸுக்குத் தாங்களே தரும் டிரைவரில் திருத்திக்கொண்டார்கள், அங்கே ஒன்றும் தெரியவில்லை. லினக்ஸில் தெரிந்தது: ஹெட்போனில் வருகிறது, ஸ்பீக்கரில் இல்லை, அல்லது நேர் எதிர்.

அதனால் லினக்ஸ் கெர்னலுக்குள் ஒரு பெரிய விதிவிலக்குப் பட்டியல் வளர்ந்தது. இந்த மாடல் என்றால் இந்தக் காலை இப்படி எடுத்துக்கொள் என்று வரி வரியாக. சூசேயில் வேலை பார்க்கும் தாகாஷி இவாய் பல்லாண்டுகளாக அந்தப் பகுதியைப் பராமரிக்கிறார். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் ஒருவர் தன் லேப்டாப்பில் சத்தம் வரவில்லை என்று 'ஆல்சா-இன்ஃபோ' அறிக்கையை அனுப்ப, அது ஒரு வரித் திருத்தமாகி, அடுத்த கெர்னலில் அந்த மாடல் வைத்திருக்கும் எல்லோருக்கும் சத்தம் வருகிறது. உங்களுக்கு இன்று முதல் நாளிலேயே சத்தம் வந்திருந்தால், யாரோ முகம் தெரியாத ஒருவருக்கு வராமல் போய், அவர் சோம்பல் படாமல் எழுதியதால் இருக்கலாம்.

அண்மைய இன்டெல் லேப்டாப்புகளில் இன்னொரு படி கூடியிருக்கிறது. ஒலிக்கென்று தனிச் சின்னச் செயலி, அதற்கென்று ஒரு ஃபர்ம்வேர் கோப்பு. 'சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர்' என்று பெயர். அந்தப் பொதி நிறுவப்படவில்லை என்றால் கார்டே இல்லாத மாதிரி இருக்கும். அமைப்புப் பக்கத்தில் 'டம்மி அவுட்புட்' என்று மட்டும் வரும். புது லேப்டாப்பில் இதைப் பார்த்தால் முதலில் ஃபர்ம்வேர் மேல்தான் சந்தேகப்பட வேண்டும்.

நடு ஆள் மாறிய கதை

லென்னார்ட் போட்டரிங் 2004இல் தொடங்கியது, 2006இல் பல்ஸ்ஆடியோ என்று பெயர் மாறியது. நோக்கம் நல்லது: ஒவ்வொரு நிரலுக்கும் தனி வால்யூம், ஓடிக்கொண்டிருக்கும் பாட்டை ஸ்பீக்கரிலிருந்து யூஎஸ்பி ஹெட்செட்டுக்கு மாற்றுவது, புளூடூத். 2007 நவம்பரில் ஃபெடோரா 8 அதை இயல்பாக வைத்தது, 2008 ஏப்ரலில் உபுண்டு 8.04. அதுவரை யாரும் அதிகம் தொடாத ஆல்சா டிரைவர் மூலைகளை எல்லாம் பல்ஸ்ஆடியோ தொட்டது, அங்கே பதுங்கியிருந்த பிழைகள் வெளியே வந்தன. திட்டு முழுவதும் பல்ஸ்ஆடியோவுக்கு. "அதை நீக்கிவிடு" என்ற அறிவுரை அப்போது பிறந்தது. இன்றைய கணினியில் அதைப் பின்பற்றினால் மேசைச் சூழலின் பாதியும் கூடவே போய்விடக்கூடும்.

ரெட் ஹேட்டின் விம் டைமன்ஸ் 2017இல் அறிவித்த பைப்வயர் முதலில் காணொளிக்காக எழுதப்பட்டது, பிறகு ஒலியையும் எடுத்துக்கொண்டது. 2021இல் ஃபெடோரா 34, 2022இல் உபுண்டு 22.10 அதற்கு மாறின. பழைய நிரல்களுக்குப் பல்ஸ்ஆடியோ மாதிரியே வேடம் போட்டுப் பேசும், அதனால் பழைய கட்டளைகளில் பல இன்னும் ஓடுகின்றன. அடியில் ஆல்சா, நடுவில் பைப்வயர், எதை எதோடு இணைப்பது என்று முடிவெடுக்க வயர்பிளம்பர், மேலே பல்ஸ்ஆடியோ வேடம், அதற்கும் மேலே உங்கள் பிரவுசர், பிரவுசருக்குள் ஒரு டேப். எண்ணிப் பாருங்கள், மியூட் பொத்தான் எத்தனை இடத்தில்!

பேச்சே திரையாக

இதுவரை சொன்னதெல்லாம் கண் தெரிகிறவருக்கு எரிச்சல், அவ்வளவுதான். சத்தம் இல்லாவிட்டாலும் திரை இருக்கிறது, தேடலாம், படிக்கலாம், சரிசெய்யலாம்.

எங்கள் கட்டடத்தில் மாடி வீட்டில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். சில வருடங்களுக்கு முன் பார்வை முற்றிலும் போய்விட்டது. லேப்டாப்பில் ஆர்கா என்ற திரைவாசிப்பானை வைத்துச் செய்தித்தாள் தளங்களைக் கேட்பார். போன மழைக்காலத்தில் ஒரு காலை கீழே ஆள் அனுப்பினார். போனேன்.

"என்ன சார், சத்தம் போச்சா?"

"சத்தம் போச்சுன்னு சொல்லாதே தம்பி. உனக்கு மானிட்டர் போச்சுன்னா எப்படி இருக்கும்? அப்படி நெனச்சுக்கோ. கம்ப்யூட்டர் ஓடுதா நின்னுபோச்சான்னே எனக்குத் தெரியலை."

காரணம் சின்னது. முந்தின நாள் பேத்தி வகுப்புக்காகப் பெரிய மானிட்டரை எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டியிருந்தாள். ஒலியும் அந்தக் கேபிள் வழியாகவே போய்விட்டது. அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே இல்லை. அமைப்புகளில் ஒலிப் பக்கத்தைத் திறந்து ஒரு பட்டியலில் வேறு பெயரைத் தேர்ந்தால் போதும். எனக்கு அரை நிமிட வேலை. அவருக்கு அந்தப் பட்டியலை வாசித்துச் சொல்ல வேண்டியது இல்லாமல் போன அதே குரல்தான்.

அன்றிலிருந்து இந்தக் கதையை நான் வேறு பக்கத்திலிருந்தும் படிக்கத் தொடங்கினேன். புணேயில் வளர்ந்து, பதினான்கு வயதில் பார்வை இழந்து, ஐஐடி பம்பாயில் படித்து, அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் டி.வி. ராமன். கணிதச் சமன்பாடுகளைக் காதால் படிக்கும் முறை பற்றியது அவருடைய ஆய்வேடு. 1995இல் அவர் வெளியிட்ட ஈமாக்ஸ்பீக், லினக்ஸில் பேச்சை ஒரு முழு வேலைத்தளமாக ஆக்கிய முன்னோடி. திரையில் உள்ள எழுத்தை அப்படியே ஒப்பிப்பதோடு நில்லாமல், செய்கிற வேலைக்குத் தக்கபடி குரலையும் தொனியையும் மாற்றிப் பேசும்.

கவனிக்க வேண்டியது, அன்றைய ஈமாக்ஸ்பீக் சவுண்ட் கார்டை நம்பி இருக்கவில்லை. டெக்டாக் மாதிரியான தனிப் பேச்சுக் கருவி சீரியல் போர்ட்டில் மாட்டப்பட்டிருக்கும். கணினி எழுத்தை அனுப்பும், பெட்டி பேசும். கிர்க் ரைசரின் ஸ்பீக்அப் கெர்னலுக்குள்ளேயே இருந்துகொண்டு கணினி எழும்போதே அத்தகைய பெட்டியோடு பேசியது. விலை அதிகம், ஆனால் ஐஆர்கியூ, மிக்சர், நடு ஆள் ஒன்றும் குறுக்கே வராது.

பிறகு பேச்சு மென்பொருளாக மாறியது. ஜோனதன் டடிங்டனின் இஸ்பீக் சிறியது, இலவசம், தமிழும் பேசும், இயந்திரக் குரலில்தான் என்றாலும். ஆர்கா 2006இல் ஜினோம் 2.16உடன் சேர்ந்தது. ஐஐடி மெட்ராஸ் தலைமையில், ஹேமா மூர்த்தியின் ஒருங்கிணைப்பில், பல நிறுவனங்கள் சேர்ந்து இந்திய மொழிகளுக்கான பேச்சுத் தொகுப்பிகளை உருவாக்கின. தமிழுக்கு எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரி அதில் இருந்தது. விலையுள்ள பெட்டி வேண்டாம், சாதாரண லேப்டாப் போதும் என்றானது பெரிய விடுதலை. ஆனால் அதே கணத்தில் பார்வையற்றவரின் 'திரை' மேலே சொன்ன அத்தனை அடுக்குகளின் உச்சியில் போய் உட்கார்ந்தது. எந்த அடுக்கில் மியூட் விழுந்தாலும் அவருக்குக் கணினியே இல்லை.

நடு ஆள் அடுக்கு இன்னொரு சிக்கலையும் கொண்டுவந்தது. பல்ஸ்ஆடியோ ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாக ஓடும். நீங்கள் கடவுச்சொல் தரும் திரையும் ஒரு தனிப் பயனர் கணக்கில்தான் ஓடுகிறது. எழுத்து முனையத்தில் பேசும் நிரல் கார்டை நேரே பிடித்துக்கொண்டால், மேசைச் சூழலில் ஆர்காவுக்குக் குரல் இல்லை. அந்தப் பழைய குழாயடிச் சண்டைதான், ஆனால் இம்முறை தோற்பவர் இழப்பது பாட்டை இல்லை.

நம் ஊர்ப் பங்கு

இதில் தமிழ்நாட்டுக்கு நேரடிப் பங்கு உண்டு. 2005இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் சென்னை சி-டாக்கும், குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் உள்ள ஏயூ-கேபிசி மையமும் சேர்ந்து நடத்தியது. அங்கிருந்து வந்ததுதான் டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸ், 2007இல். ஏறத்தாழ அதே காலத்தில் சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த எல்காட் சூசே லினக்ஸுக்கு மாறத் தொடங்கியது. 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது.

லட்சக்கணக்கான வீடுகளுக்கு லினக்ஸ் போன முதல் தருணம் அது. அந்தப் பிள்ளைகளுக்கு அந்த மெஷின் முதலில் பாட்டுப்பெட்டி, படக்கொட்டகை, பிறகுதான் பாடம். ஒரு பக்கம் சத்தம் வந்து இன்னொரு பக்கம் வராவிட்டால் எந்தப் பக்கத்தில் இருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. சென்னை லினக்ஸ் பயனர் குழு ஐஐடி வளாகத்தில் மாதந்தோறும் கூடியது, 2012இல் கணியம் இதழ் தமிழில் எழுதத் தொடங்கியது. கேட்க ஆள் இருந்தவர்களுக்குச் சத்தம் வந்தது. ஒரு டிரைவரை எழுதுவதோடு வேலை முடிவதில்லை. 'எம்எம்' என்றால் மியூட் என்று தமிழில் ஒருவர் சொல்லும்வரை அந்த வீட்டுக்கு அது பாதி வேலைதான்.

சரி, எங்கே தோண்டுவது?

வரலாறு தெரிந்தால் வரிசை தானே வருகிறது. கீழிருந்து மேலே போங்கள்.

முதலில் வெளியே: ஹெட்போனை மாட்டிப் பாருங்கள். அதில் வந்து ஸ்பீக்கரில் வராவிட்டால் வயரிங் வரைபடச் சிக்கல், அல்லது மிக்சரில் 'ஆட்டோ-மியூட்'. இரண்டாவது, கெர்னல்: 'ஏபிளே' கட்டளையைச் சிறிய 'எல்' தெரிவோடு அடித்தால் கார்டுகளின் பட்டியல் வரும். பட்டியலே காலி என்றால் மேலே உள்ள எதையும் தொட வேண்டாம், டிரைவரையும் ஃபர்ம்வேரையும் பாருங்கள். மூன்றாவது, ஆல்சாமிக்சர்: எஃப்6 தட்டிச் சரியான கார்டு, 'எம்எம்' இருக்கிறதா, மாஸ்டர் மட்டும் இல்லாமல் ஸ்பீக்கர், பிசிஎம் கம்பங்களும். நான்காவது, நடு ஆள்: 'டபிள்யூபிசிடிஎல் ஸ்டேட்டஸ்' என்று அடித்தால் எந்த வெளியீட்டின் முன்னால் நட்சத்திரம் இருக்கிறது என்று தெரியும். அது எச்டிஎம்ஐ என்றால் விடை கிடைத்துவிட்டது. கடைசியாக, நிரல்: பிரவுசர் டேப் மியூட்டில் இருக்கலாம், அந்த நிரலின் தனி வால்யூம் பூஜ்யத்தில் இருக்கலாம்.

அவசரம் என்றால் நடுவில் வெட்டுங்கள். 'ஸ்பீக்கர்-டெஸ்ட்' கருவியை ஆல்சா கார்டின் பெயரைக் கொடுத்து நேரே ஓட்டினால், சத்தம் வந்தால் கோளாறு மேலே, வராவிட்டால் கீழே. 'பிஸி' என்றால் கார்டு உயிரோடு இருக்கிறது, நடு ஆள் பிடித்திருக்கிறார்.

ஆசிரியர் வீட்டில் இரண்டு ஏற்பாடு செய்தோம். ரிச்சி தெருவில் வாங்கிய சின்ன யூஎஸ்பி சவுண்ட் அடாப்டர் ஒன்று, அவர் விரலுக்குத் தெரியும் இடத்தில். கூடவே விசைப்பலகையில் ஒரு குறுக்குவிசை. அதை அழுத்தினால் ஒரு சிறு ஸ்கிரிப்ட் அந்த அடாப்டரை இயல்பு வெளியீடாக்கி, மியூட்டை எடுத்து, வால்யூமைப் பாதிக்கு வைத்து, "பேசறேன்" என்று ஒரு சொல் சொல்லும். ஸ்கிரிப்டில் அடாப்டரை எண்ணால் குறிக்காமல் பெயரால் குறிக்க வேண்டும். எண் மறுமுறை ஏறும்போது மாறிவிடும். 'பிஏசிடிஎல்' கட்டளை பெயரை ஏற்கிறது, பைப்வயரிலும் ஓடுகிறது.

கணினியே கேட்டால் என்ன?

முப்பது ஆண்டில் ஒவ்வொரு அடுக்கும் ஒரே ஒரு முடிவைத் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறது: சந்தேகம் வந்தால் மௌனமாக இரு. காதையும் ஸ்பீக்கரையும் காக்க அது சரி. ஆனால் மௌனம் எல்லோருக்கும் பத்திரம் இல்லை. கேட்பதே பார்ப்பதாக இருக்கிறவருக்கு, மியூட் என்பது கதவைப் பூட்டிச் சாவியை உள்ளே வைத்துவிட்டுப் போவது.

வேறு மாதிரி செய்ய முடியாதா? ஒரு இடத்தில் செய்திருக்கிறார்கள். டெபியன் நிறுவியின் துவக்க மெனுவில் 'எஸ்' எழுத்தையும் எண்டரையும் தட்டினால் அது பேசத் தொடங்கும். மெஷினில் ஒன்றுக்கு மேற்பட்ட சவுண்ட் கார்டு இருந்தால், எது சரி என்று அது ஊகிப்பதில்லை. பட்டியலைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்வதும் இல்லை. ஒவ்வொரு கார்டிலும் பேசுகிறது: குரல் கேட்டால் எண்டரைத் தட்டுங்கள் என்று. எந்தக் கார்டில் பேசியபோது எண்டர் விழுந்ததோ அதுவே கார்டு.

சவுண்ட்கான்ஃபிக் லினஸின் குரலை ஓட்டிக் கேட்ட அதே கேள்விதான். ஆனால் இங்கே அதைக் காதால் மட்டும் பதில் சொல்ல முடிகிறவருக்காகக் கேட்டிருக்கிறார்கள். ஒரு வெளியீடு மாறும்போதெல்லாம், புது மானிட்டர் செருகும்போதெல்லாம், மேசைச் சூழலும் இப்படி ஒரு தரம் கேட்கலாம். அதற்குப் புதிய அடுக்கு எதுவும் வேண்டாம். இருக்கும் அடுக்குகளில் யாராவது ஒருவர் வாயைத் திறந்தால் போதும்.